பத்தாயிரம் லூமன் டார்ச்சும் ஜீப்ரா கடவையும்

கேட்டவர் கிழக்கு லண்டனில் வசிக்கிறார். காலை நான்கரை மணிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். பாதி வழி தெருவிளக்கு உள்ள சாலை, மீதி லீ ஆற்றை ஒட்டிய இருட்டுப் பாதை. '10,000 லூமன், 9,900 மில்லி ஆம்பியர் மணி' என்று அச்சிட்ட டார்ச் ஒன்றை இணையத்தில் வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறார். இருபது நிமிடத்தில் மங்கிவிடுகிறது. எந்த எல்இடி, எந்த பேட்டரி வாங்கலாம் என்று கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: ஜீப்ரா கிராஸிங்கில் சைக்கிளை ஓட்டியபடியே கடக்கும்போது கார்க்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டுகிறார்கள், இன்னும் பிரகாசமான விளக்கு இருந்தால் நிற்பார்களா?

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: நிற்க மாட்டார்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் டார்ச்சின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களுக்கும் கணக்குப் போடுவோம்.

உள்ளே இருப்பது 18650 செல்லாகத்தான் இருக்கும். பெயரே அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சைபர் உருளை வடிவத்துக்கு. பானசோனிக், சாம்சங், எல்ஜி என்று யாருடைய நல்ல செல்லை எடுத்தாலும் இந்த அளவில் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர் மணிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அண்மையில் சில செல்கள் 4,000ஐத் தொட்டிருக்கின்றன, அவ்வளவுதான். 9,900 என்பது அச்சகத்தில் பிறந்த எண். உங்களுடையதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நேர்மையான 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். முப்பது சொச்சம் காட்டினால் ஏமாந்துவிட்டீர்கள்.

இப்போது லூமன், அதாவது வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. நல்ல செல் ஒன்றில் 3.5 ஆம்பியர் மணி, சராசரி 3.6 வோல்ட், பெருக்கினால் ஏறத்தாழ 12.6 வாட் மணி. கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும் வெளிச்சத்தை வாட்டுக்கு நூறு லூமன் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு செல்லால் 300 லூமனை நான்கு மணி நேரம் தர முடியும். 10,000 லூமன் வேண்டுமென்றால் நூறு வாட் வேண்டும். செல்லிலிருந்து 28 ஆம்பியர் உறிஞ்ச வேண்டும். அப்படியே உறிஞ்சினாலும் ஏழரை நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அந்த ஏழரை நிமிடம்கூடக் கிடைக்காது. எல்இடிக்குள் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. கைக்குள் அடங்கும் அலுமினியக் குழாய் நிம்மதியாக வெளியேற்றக் கூடியது ஐந்தாறு வாட். அதற்கு மேல் கொடுத்தால் முதலில் கை சுடும், பிறகு டிரைவர் தானாக மின்னோட்டத்தைக் குறைக்கும். டிரைவர் என்பது செல்லுக்கும் எல்இடிக்கும் நடுவில் இருக்கும் மின்சுற்று. அதற்குக் குறைக்கத் தெரியாவிட்டால் எல்இடி வெந்துபோகும்.

நல்ல பெயருள்ள நிறுவனங்களும் இந்த இடத்தில் கொஞ்சம் விளையாடுகின்றன. டார்ச்சுகளை அளப்பதற்கு அமெரிக்காவில் 2009இல் எஃப்எல்-1 என்ற தரநிலை வந்தது. அதன்படி லூமனை அளப்பது, ஸ்விட்சைப் போட்டு முப்பது விநாடி ஆனதிலிருந்து. டார்ச் எரியும் நேரம் என்பதோ, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரை. ஆகவே '2,000 லூமன், 3 மணி நேரம்' என்ற அட்டை பொய் அல்ல. ஆனால் அந்த 2,000 இரண்டு மூன்று நிமிடம் மட்டும் இருந்துவிட்டு, மீதி நேரமெல்லாம் 400இல் ஓடியிருக்கலாம். வாங்கும்போது உச்ச எண்ணைப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்கான வரைபடம் எங்கே என்று தேடுங்கள். ஒரே செல் போடும் டார்ச்சில் 400 முதல் 700 லூமன் நிலையாகக் கிடைத்தால் அது உழைப்பாளி.

எல்இடிக்கு வருகிறேன். இங்கேதான் எங்களைப் போன்ற பித்தர்கள் இரவெல்லாம் சண்டை போடுவோம். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு தூரம், என்ன நிறம் என்ற மூன்றும் ஒரே சில்லில் (எல்இடிக்குள் ஒளிவிடும் துண்டு) சேர்ந்து கிடைப்பதில்லை.

தூரம் வேண்டுமென்றால் ஒளிவிடும் பரப்பு சிறியதாக இருக்க வேண்டும். ஆஸ்ரம் நிறுவனத்தின் ஒரு சதுர மில்லிமீட்டர் சில்லை ஒளியைத் திருப்பும் ஆழமான கிண்ணத்தில் வைத்தால், மொத்த லூமன் சில நூறுதான். ஆனால் ஒளிக்கற்றை ஈட்டிபோல் போகும். இதைச் சொல்வது கேண்டலா எண். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம்: 10,000 கேண்டலாவுக்கு 200 மீட்டர், 40,000க்கு 400. அந்தத் தூரத்தில் போய் விழுவது கால் லக்ஸ், கிட்டத்தட்ட முழுநிலவு வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. நான்கு மடங்கு கொடுத்தால்தான் தூரம் இரண்டு மடங்காகும். ஊரில் தாத்தா வைத்திருந்த மூன்று கட்டை டார்ச் சொற்ப லூமனை வைத்துக்கொண்டு வயல் வரப்பின் கடைசி வரை எட்டியதற்கும் இதுவே காரணம்: சின்ன இழை, பளபளக்கும் பெரிய கிண்ணம்.

அகலம் வேண்டுமென்றால் க்ரீயின் எக்ஸ்ஹெச்பி-70 போன்ற, நான்கு சில்லுகளை ஒன்றாக வைத்த பெரியவை இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் லூமன் கொட்டும்; பக்கத்தில் இருப்பதெல்லாம் பகல்போல் தெரியும்; நூறு மீட்டர் தாண்டினால் கரைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் லூமினஸின் எஸ்எஃப்டி-40, எஸ்எஸ்டி-40.

நிறம் என்பது பலருக்கு ஆடம்பரமாகத் தோன்றும். எனக்கு அப்படி இல்லை. வெள்ளை எல்இடி உண்மையில் நீலச் சில்லுதான். மேலே மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசியிருக்கும். மலிவானவற்றில் பூச்சு மெல்லியது, நிறம் 6,500 கெல்வினுக்கு மேல் நீலம் பாய்ந்து நிற்கும் (இந்த எண் கூடக் கூட வெள்ளையில் நீலம் ஏறும்). அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் செத்துப்போகும். அக்டோபர், நவம்பரில் லண்டன் பாதைகளில் நனைந்து ஒட்டிக் கிடக்கும் இலைச் சருகுக்கும் ஈரத் தாருக்கும் வேறுபாடு தெரியாமல் ஒருமுறை சக்கரம் வழுக்கி விழுந்தபோது, நான் வைத்திருந்தது அப்படிப்பட்ட நீல வெளிச்சம். இப்போது வைத்திருப்பது நிச்சியா நிறுவனத்தின் 519ஏ எல்இடி, 4,500 கெல்வின். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு நூற்றுக்கு 90க்கு மேல் மதிப்பெண் வாங்கும், குறிப்பாகச் சிவப்பில். இதே வகையில் சாம்சங்கின் எல்ஹெச்351டி மலிவு, திறமையும் கூடுதல். ஆனால் குறைந்த வெளிச்சத்தில் லேசாகப் பச்சை அடிக்கும். நிறத்துக்கு விலை உண்டு. அதே மின்சாரத்தில் லூமன் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறையும். கண் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது; வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்ற லூமன் நான்கு மடங்கு போல ஏற வேண்டும் என்னும்போது இருபது சதவீதத்துக்கு அழுவானேன்.

செல் தேர்வில் ஒரே ஒரு பேரம்தான்: கொள்ளளவு கூடினால் ஒரே நேரத்தில் கொடுக்கும் மின்னோட்டம் குறையும். பானசோனிக் குடும்பத்து என்சிஆர்18650ஜிஏ ஏறத்தாழ 3,500, பத்து ஆம்பியர் வரை. சாம்சங் 30க்யூ 3,000, பதினைந்து ஆம்பியர். மோலிசெல் பி26ஏ 2,600தான், ஆனால் இருபத்தைந்துக்கு மேலும் அசராது. சற்றுப் பெரிய 21700 அளவில் சாம்சங் 50இ ஏறத்தாழ 5,000, மோலிசெல் பி42ஏ 4,200. நீங்கள் அரை மணி, முக்கால் மணி நேரம் 300, 400 லூமனில் ஓடப் போகிறீர்கள். டார்ச் மூன்று நான்கு ஆம்பியருக்கு மேல் கேட்காது. உங்களுக்குக் கொள்ளளவு கூடிய செல்தான் சரி. நான்கு எல்இடி போட்டு, தாளைக் கருக்கும் அளவுக்குச் சுடும் குட்டி டார்ச்சுகள் வைத்திருப்பவர்களுக்குத்தான் மோலிசெல்.

பாதுகாப்புச் சுற்று உள்ள செல், இல்லாத செல் என்று இரண்டு வகை கடையில் இருக்கும். சுற்று உள்ளது மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம் கூடியது, சில டார்ச்சுகளில் மூடியே போட முடியாது. ஒற்றைச் செல் டார்ச்சில், மின்னழுத்தம் மூன்று வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கியதும் தானாக அணையும் டிரைவர் இருந்தால், சுற்று இல்லாததும் போதும். இரண்டு மூன்று செல்களை வரிசையாகப் போடும் டார்ச்சை மட்டும் முதல் முறையாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வதே இல்லை. ஒரு செல் முன்னால் காலியாகிவிட்டால் மற்றது அதைத் தலைகீழாக ஓட்டும். மூடிய குழாய்க்குள் அது நடந்தால் டார்ச் வெடிகுண்டுதான். உதிரிச் செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போடாதீர்கள், பிளாஸ்டிக் பெட்டி சில பென்ஸுக்குக் கிடைக்கும். மேலுறை கிழிந்த செல்லைப் பயன்படுத்தாதீர்கள். குளிர்காலத்தில் சைக்கிளைத் தோட்டத்துக் கொட்டகையில் விடுவீர்கள் என்றால் டார்ச்சைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் செல் மின்சாரத்தைக் கொடுக்கும், ஆனால் வாங்கும்போது உள்ளுக்குள் கெட்டுப்போகும். யூஎஸ்பி-சி துளை இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இரு முனையிலும் சி இருக்கும் கேபிளுக்குப் பதில், ஒரு முனை பழைய அகல வாய் உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள். ஐந்து காசு மின்தடை இரண்டை மிச்சம் பிடித்த தயாரிப்பாளர்களின் வேலை அது.

இவ்வளவும் கையில் பிடிக்கும் டார்ச்சுக்கு. ஹேண்டில்பாருக்கு எது என்று கேட்டால், எந்த டார்ச்சும் வேண்டாம் என்பேன்.

நானும் அதைச் செய்தவன்தான். மூன்று எல்இடி போட்ட டார்ச் ஒன்றை ரப்பர் பட்டையில் மாட்டிக்கொண்டு, உலகமே தெரிகிறது என்ற பெருமிதத்தோடு ஆற்றோரப் பாதையில் போனேன். எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்றார், கையால் முகத்தை மூடினார், பிறகு தப்பான பக்கம் ஒதுங்கி என் சக்கரத்துக்கு நேராக வந்தார். வேகம் குறைவாக இருந்ததால் இருவரும் தப்பினோம். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. டார்ச்சின் ஒளி வட்டமாக விழுகிறது. பாதி தரையில் விழுந்தால் பாதி எதிரே வருபவரின் கண்ணில். கார் விளக்கின் தாழ்கற்றையில் மேல்பாதி நறுக்கப்பட்டிருப்பதுபோல் சைக்கிளுக்கும் வேண்டும். ஜெர்மனியில் சட்டமே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே விற்கும் சைக்கிள் விளக்கில் அலைக்கோடும் 'கே' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். பேட்டரி விளக்கு பத்து மீட்டர் தூரத்தில் குறைந்தது பத்து லக்ஸ் தர வேண்டும். எத்தனை லூமன் என்று அவர்கள் கவலைப்படுவதில்லை, சாலையில் எவ்வளவு விழுகிறது என்றுதான் பார்க்கிறார்கள். இந்த முத்திரை உள்ள விளக்குகள் இங்கிலாந்திலும் கிடைக்கின்றன. அதில் ஒன்றை ஹேண்டில்பாரில் பொருத்துங்கள். நல்ல டார்ச் சட்டைப்பையில் இருக்கட்டும், செயின் கழன்றால் உதவும்.

சட்டத்துக்குத் தேவையானவை குறைவு. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு எரிய வேண்டும். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும், 1985 அக்டோபர் முதல் செய்த சைக்கிளென்றால் பெடலில் ஆம்பர் நிறப் பிரதிபலிப்பான்களும் வேண்டும். மினுக்கும் விளக்கு 2005 முதல் இங்கே சட்டப்படி சரி, நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை வரை. ஆர்வலர் டார்ச்சுகளில் இருக்கும் வெறிபிடித்த ஸ்ட்ரோப் என்ற மினுக்கல் அதைவிடப் பல மடங்கு வேகம். அதைச் சாலையில் போடாதீர்கள். எதிரே வருபவருக்கு உங்கள் தூரத்தைக் கணிக்கவே முடியாது. பெடல் பிரதிபலிப்பானைக் கேலியாகப் பார்க்காதீர்கள். மேலும் கீழும் ஆடும் இரண்டு ஆம்பர் புள்ளிகள் 'இது சைக்கிள்' என்று பின்னால் வரும் ஓட்டுநருக்குச் சொல்வதுபோல் வேறெதுவும் சொல்லாது.

இனி ஜீப்ரா கிராஸிங். ஓட்டுநர் எங்கே பார்க்கிறார் என்று யோசியுங்கள். கறுப்பு வெள்ளைக் கோடும் மஞ்சள் உருண்டை விளக்கும் தெரிந்தவுடன் அவர் கண் தேடுவது நடைபாதையின் ஓரத்தை; கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் யாராவது நிற்கிறார்களா என்று. நடந்து வருபவர் விநாடிக்கு 1.4 மீட்டர் போவார். இரண்டு விநாடிக்குப் பிறகு கோட்டில் கால் வைக்கப் போகிறவர் இப்போது மூன்று மீட்டருக்குள் இருந்தாக வேண்டும், ஆகவே கண்ணில் படுவார். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் வந்தால் அதே இரண்டு விநாடிக்கு முன் எட்டு மீட்டர் தள்ளி, வேலிக்கும் நிறுத்திய வேனுக்கும் பின்னால் இருப்பீர்கள். மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும். 20 மைலுக்குக்கூட 12 மீட்டர். அவர் உங்களைக் காணும்போது கணக்கு முடிந்திருக்கும். உங்கள் விளக்கோ அப்போது அவர் பக்கம் பார்க்கவே பார்க்காது! சாலைக்குக் குறுக்கே, எதிர்ப்பக்க நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பத்தாயிரம் லூமனும் எதிர்வீட்டு மதிலுக்குத்தான் போகும். அவருக்குக் காட்டுவது உங்கள் பக்கவாட்டைத்தான். டயர் சுவரில் இருக்கும் வெள்ளைப் பிரதிபலிப்பு வளையம் அங்கே எந்த டார்ச்சையும்விடப் பயன்படும்.

விதியும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் உள்ள விதி: ஜீப்ராவிலும், பெலிக்கன், பஃபின் என்ற பாதசாரி சிக்னல் கடவைகளிலும் ஓட்டிக் கடக்காதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இந்த வரியில் 'கட்டாயம்' என்ற சொல் இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் மறப்பது, பெரும்பாலான ஜீப்ராவை ஓட்டியபடி அடைய நடைபாதையில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பதை. அது 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். பெடல் சைக்கிள் தெருவுக்கு வருவதற்கு முன், வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் எழுதிய சட்டம் அது. 1888இல் சைக்கிளும் வண்டியே என்று இன்னொரு சட்டம் சொல்லிவிட்டது.

தள்ளிக்கொண்டு போனால் நிலைமை தலைகீழ். 1980இல் வந்த க்ராங்க் எதிர் ப்ரூக்ஸ் தீர்ப்பு, இரு கால்களும் தரையில் பட நடந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பவர் முழுமையான பாதசாரி என்றது. ஒரு காலைப் பெடலில் வைத்து மறுகாலால் உந்திக்கொண்டு போனால் பாதசாரி இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நம்மில் பாதிப் பேர் செய்வது இந்த ஒற்றைக்கால் வித்தைதான். முழுதாக இறங்கி நடந்தால், நீங்கள் கோட்டில் கால் வைத்த பிறகு வழிவிடாத ஓட்டுநர் சட்டத்தை மீறுகிறார். 2022 ஜனவரியில் திருத்திய விதித்தொகுப்பு, ஓரத்தில் காத்து நிற்பவருக்கும் வழிவிடச் சொல்கிறது.

உங்கள் வழியில் எல்லாக் கடவையும் ஜீப்ரா அல்ல என்பதையும் கவனியுங்கள். பொத்தானை அழுத்தினால் பச்சை மனிதனோடு பச்சைச் சைக்கிளும் எரிகிறதா? அது டூக்கன்; ஓட்டிக்கொண்டே போகலாம். ஜீப்ரா கோட்டை ஒட்டி, இருபுறமும் வெள்ளைச் சதுரங்களால் எல்லை போட்ட இன்னொரு தடம் இருக்கிறதா? அது 2016இல் வந்த இணைக் கடவை. அந்தத் தடத்தில் சைக்கிளுக்கும் முன்னுரிமை உண்டு. அங்கேயும் கோட்டுக்கு முன்னால் நடை வேகத்துக்குக் குறைத்துவிடுங்கள், மேலே சொன்ன இரண்டு விநாடிக் கணக்கை எந்தப் பெயிண்டும் மாற்றாது.

நீங்கள் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது நடந்து கடப்பவருக்கு நீங்களும் ஒரு வண்டிதான். கோட்டுக்கு முன் கார் ஒன்று காரணமில்லாமல் நிற்பதுபோல் தெரிந்தால் இடப்பக்கமாக நுழைந்து முந்தாதீர்கள்; அது மறைத்துக்கொண்டிருப்பது தள்ளுவண்டிக் குழந்தையாக இருக்கலாம்.

அந்த 9,900 செல்லை டார்ச்சோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். வெளியே எடுத்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, உங்கள் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள். டார்ச்சின் அலுமினியக் குழாய் நன்றாக இருந்தால் வைத்திருங்கள். சரியான செல்லும் பத்து பவுண்டுக்குள் 519ஏ எல்இடி ஒன்றும் வாங்கி, பற்றவைக்கத் தெரிந்த நண்பர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.